மூன்று கையேடுகள்: ராதாகிருஷ்ணன் பயின்ற உளவியல் பாடம்

செப்டம்பர் 5 நெருங்கும்போதெல்லாம் ஒரு கதை தவறாமல் பகிரப்படுகிறது. பட்டப்படிப்பில் எந்தப் பாடத்தை எடுப்பதென்று தயங்கி நின்ற சர்வபள்ளி ராதாகிருஷ்ணனுக்கு, அவ்வாண்டு பட்டம் முடித்த உறவினர் ஒருவர் தம் பழைய தத்துவப் பாடநூல்களைக் கொடுத்தார். அதனால் அவர் தத்துவம் பயின்றார். கதை உண்மைதான். ராதாகிருஷ்ணனே தம் தன்வரலாற்றுக் கட்டுரையில் அதைக் கூறியிருக்கிறார். ஆனால் வறுமை, தற்செயல், விதி என்ற மூன்று சொற்களோடு கதையை முடித்துவிடுவோர், கைமாறிய புத்தகங்கள் எவை என்று கேட்பதில்லை. கேட்டால் கதை வேறு திசையில் செல்கிறது.

அவை மூன்று: ஜி. எஃப். ஸ்டவுட் எழுதிய உளவியல் கையேடு, ஜே. வெல்டன் எழுதிய தருக்கவியல் கையேடு, ஜே. எஸ். மெக்கன்சி எழுதிய அறவியல் கையேடு. மூன்றும் 1890களில் வெளிவந்தவை. மூன்றையும் வெளியிட்டவர் லண்டனைச் சேர்ந்த டபிள்யூ. பி. கிளைவ் என்ற ஒரே பதிப்பாளர். வில்லியம் பிரிக்ஸ் என்பவர் 1887இல் நிறுவிய பல்கலைக்கழக அஞ்சல்வழிக் கல்லூரியோடு இணைந்த பாடநூல் வரிசையைச் சேர்ந்தவை இவை. (இதே கல்லூரியில்தான் இளம் எச். ஜி. வெல்ஸ் உயிரியல் கற்பித்தார்; 1893இல் அதற்கென ஒரு பாடநூலும் எழுதினார்.) கல்லூரியில் சேர்ந்து பயில வாய்ப்பின்றி, வேலை பார்த்துக்கொண்டே லண்டன் பல்கலைக்கழகத் தேர்வுக்குத் தம்மைத் தாமே ஆயத்தம் செய்துகொண்டவர்களுக்காக உருவானது இவ்வரிசை. பக்கத்தில் ஆசிரியர் இல்லாத மாணவரை எண்ணி எழுதப்பட்ட நூல்கள் என்று சொல்லலாம்.

அத்தகைய நூல்கள் சென்னைக்கு வந்து சேர்ந்ததில் வியப்பில்லை. 1857இல் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகம் லண்டன் பல்கலைக்கழகத்தின் அச்சில் வார்க்கப்பட்டது. கற்பிப்பது கல்லூரிகளின் வேலை, தேர்வு நடத்திப் பட்டம் அளிப்பது பல்கலைக்கழகத்தின் வேலை. தேர்வின் வடிவம் ஒன்றாயிருந்தால் அதற்குரிய நூலும் ஒன்றாயிருப்பதே இயல்பு. உளவியல், தருக்கம், அறவியல் ஆகிய மூன்றும் அன்று தத்துவப் பட்டப்படிப்பின் உறுப்புகள். ஆகவே உறவினர் கொடுத்தவை கைக்குக் கிடைத்த ஏதோ மூன்று புத்தகங்கள் அல்ல. கட்டாக வந்த ஒரு பாடத்திட்டம். புத்தகம் யாரிடமிருந்து வந்தது என்பதில் தற்செயல் இருந்தது, என்ன புத்தகம் என்பதில் இல்லை.

அம்மாணவர் வந்த வழியையும் நினைவுகொள்ள வேண்டும். 1888இல் திருத்தணியில் தெலுங்கு பேசும் குடும்பத்தில் பிறந்தவர். 1896 முதல் 1900 வரை திருப்பதியில் ஹெர்மன்ஸ்பர்க் லுத்தரன் மிஷன் பள்ளியிலும், 1904 வரை வேலூர் வூரீஸ் கல்லூரியிலும் படித்தார். திருத்தணி, திருப்பதி, வேலூர் மூன்றும் அன்று வடஆற்காடு மாவட்டத்து ஊர்கள். மாவட்டத் தலைநகரம் சித்தூர். 1911இல் சித்தூர் தனி மாவட்டமாகியபோது திருத்தணியும் திருப்பதியும் அதில் சேர்ந்தன. 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு மாறியது. 2022இல் திருப்பதி தனி மாவட்டமானது. அவரைத் தமிழர் என்றும் தெலுங்கர் என்றும் இன்று நடக்கும் வழக்காடல் எனக்குச் சலிப்பூட்டுவது. அந்நிலப்பகுதியில் ஒரு சிறுவன் வீட்டில் ஒரு மொழியும் தெருவில் இரண்டு மொழிகளும் கேட்டு வளர்வது சாதாரணம். உளவியலை அவர் பயின்றது இவ்விரண்டிலும் அல்ல, மூன்றாவதாகிய ஆங்கிலத்தில்.

1904இல் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அப்போது கல்லூரி தாம்பரத்தில் இல்லை, ஜார்ஜ் டவுனில் இருந்தது. வில்லியம் ஸ்கின்னர், ஏ. ஜி. ஹாக் போன்றோர் தத்துவம் கற்பித்தனர். ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட் உளவியல் ஆய்வகம் தொடங்கி அதற்குள் கால் நூற்றாண்டு ஆகியிருந்தது. ஆயினும் சென்னை மாணவருக்கு உளவியல் என்பது நூலும் வகுப்பும் தேர்வும்தான். ஸ்டவுட்டும் ஆய்வகத்து மனிதரல்லர். பகுப்பாய்வு முறையில் எழுதிய தத்துவவாதி. அவர் வழியில் உளவியலின் முதன்மைக் கருவி அகநோக்கு. தன் மனத்தில் நிகழ்வதைத் தானே உற்றுநோக்கி, அதற்குப் பெயரிட்டு, வகைப்படுத்த வேண்டும்.

மொழியியல் பயின்றவள் என்பதால் இவ்விடத்தை என்னால் எளிதில் கடக்க முடியவில்லை. அக்கால ஆங்கில உளவியல் மன நிகழ்வுகளை அறிதல், உணர்ச்சி, முனைவு என மூன்றாகப் பகுத்தது. தமிழில் 'உணர்' என்ற வினையை எடுத்துக்கொள்ளுங்கள். 'உண்மையை உணர்ந்தான்' என்றால் அறிந்தான். 'வலியை உணர்ந்தான்' என்றால் அனுபவித்தான். ஆங்கிலப் பாடநூல் முதல் பக்கங்களிலேயே போடும் கோடு இவ்வினையின் நடுவே செல்கிறது. பிற்காலத்தில் கலைச்சொல் ஆக்கியோர் 'உணர்வு', 'உணர்ச்சி' என்ற இரண்டுக்கும் வேலை பிரித்துக் கொடுக்கப் பட்ட பாடும், அப்பிரிவு இன்றுவரை நிலைபெறாமல் நூலுக்கு நூல் மாறுவதும் இதனால்தான்.

இலக்கணத்தில் இன்னும் ஆழமான வேறுபாடு உண்டு. 'எனக்குப் பசிக்கிறது', 'எனக்குக் கோபம் வந்தது', 'எனக்குத் தோன்றுகிறது' என்கிறோம். தெலுங்கிலும் இதே அமைப்புத்தான். அனுபவிப்பவர் நான்காம் வேற்றுமையில் நிற்கிறார். பசியும் கோபமும் அவரிடம் வந்து சேர்கின்றன. ஆங்கிலத்திலோ பெரும்பாலும் 'நான்' எழுவாயாகி விடுகிறது. மொழியே சிந்தனையைத் தீர்மானிக்கிறது என்று நான் வாதிடவில்லை. அவ்வாதத்தின் வலுவான வடிவத்தை மொழியியலாளர் பெரும்பாலோர் ஏற்பதில்லை. ஆனால் அகநோக்கு என்ற முறைக்கு மாணவரின் சொந்த வாக்கியமே தரவு. அந்த வாக்கியத்தை அவர் தாம் கோபப்படும் மொழியில் அல்லாமல் தேர்வு எழுதும் மொழியில் அமைக்கும்போது, நோக்கப்படுவது அவர் மனமா, ஸ்டவுட்டின் அதிகாரத் தலைப்புகளா? அன்றைய பாடத்திட்டத்தில் இக்கேள்விக்கு இடமில்லை.

மாணவர் ஆசிரியரானார். 1908இல் முதுகலை முடித்து, 1909இல் சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். 1910இல் ஆசிரியப் பயிற்சிக்காகச் சைதாப்பேட்டைக் கல்லூரிக்குச் சென்றார். தத்துவ வகுப்பை அடுத்து, உளவியல் நம் நாட்டில் நுழைந்த இரண்டாம் வாயில் இதுதான்: ஆசிரியராகப் போகிறவர் குழந்தையின் மனத்தை அறிந்திருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு. அங்கே உடன்பயின்றோருக்கே அவர் உளவியல் விளக்கினார் என்றொரு செய்தி வழங்குகிறது. எப்படியாயினும் 1912இல் அவருடைய உளவியல் விரிவுரைக் குறிப்புகள் ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பகத்தின் வழியே சிறு நூலாக வந்தன. 'உளவியலின் அடிப்படைகள்' என்று அதன் தலைப்பைத் தமிழாக்கலாம். பழைய கையேட்டில் படித்தவர் எட்டாண்டுகளில் தாமே ஒரு பாடநூலின் ஆசிரியர். இந்தியத் தத்துவ வரலாற்றை எழுதிய ராதாகிருஷ்ணனைப் பேசுவோர் இந்நூலைப் பட்டியலில் ஒரு வரியாகக் கடந்துவிடுகிறார்கள். அது தகாது என்பது என் எண்ணம். இந்நிலப்பகுதியில் பிறந்த ஒருவர், தொடக்கநிலை உளவியல் மாணவருக்கென எழுதிய மிக முந்திய நூல்களுள் அது ஒன்று.

நூலின் போதாத காலம், அடுத்த ஆண்டே துறையின் நிலம் அசைந்தது. 1913இல் அமெரிக்காவில் ஜே. பி. வாட்சன் நடத்தையியத்தின் கொள்கை அறிக்கையை வெளியிட்டார். அகநோக்கை அறிவியல் முறையாகவே ஏற்க அவர் மறுத்தார். இந்தியாவிலும் உளவியல் வேறு வழியில் திரும்பியது. கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் பிரஜேந்திரநாத் சீல் வகுத்த பாடத்திட்டத்தை ஒட்டி, 1910களின் நடுவில் சோதனை உளவியலுக்குத் தனித்துறை பிறந்தது. ஹார்வர்டில் பயின்று திரும்பிய நரேந்திரநாத் சென் குப்தா அதை நடத்தினார். மைசூரில் 1924இல் எம். வி. கோபாலசுவாமி துறையைத் தொடங்கினார். (வீட்டிலேயே வானொலி நிலையம் அமைத்து 'ஆகாசவாணி' என்ற பெயரை வழக்குக்குக் கொண்டுவந்தவரும் இவரே.) சென்னைப் பல்கலைக்கழகம் ஜி. டி. போவாஸின் தலைமையில் தனித்துறை காண 1943 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. தருக்கத்துக்கும் அறவியலுக்கும் இடையே கட்டப்பட்டிருந்த உளவியல் அக்கட்டிலிருந்து பிரிய இவ்வளவு காலம் பிடித்தது. கிளைவின் பாடநூல் வரிசை வகுத்த உறவு எத்துணை இறுக்கமானது என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம்.

ராதாகிருஷ்ணன் 1918இல் மைசூருக்கும் 1921இல் கல்கத்தாவுக்கும் சென்றார். சென் குப்தாவின் ஆய்வகம் இயங்கிய அதே பல்கலைக்கழகம்தான். ஆனால் இவர் அமர்ந்தது தத்துவ இருக்கையில். உளவியல் பாடநூல் எதையும் பிறகு அவர் எழுதவில்லை. ஆயினும் சமயத்தை நம்பிக்கைகளின் தொகுதியாகக் கொள்ளாமல் அனுபவமாகக் கொண்டு, உள்ளுணர்வை அறிதலின் ஒரு வகையாக வாதிட்ட அவரது பிற்கால எழுத்தில் ஸ்டவுட்டின் மாணவரை நான் காண்கிறேன். தத்துவ வரலாற்றாசிரியர்கள் இதை மறுக்கலாம்.

1954இல் திருப்பதியில் ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகம் தோன்றியது. இன்று அங்கே உளவியல் தனித்துறை. சித்தூரிலிருந்து வரும் மாணவர் அதைத் தெலுங்கில் மனோவிஞ்ஞானம் என்பார். ஐம்பது, அறுபது கிலோமீட்டர் தெற்கே திருத்தணி மாணவருக்கு அது உளவியல். இந்தியப் பல்கலைக்கழகங்களின் முதலாண்டு வகுப்புகளில் நெடுங்காலமாகப் புழங்குவது மார்கனும் கிங்கும் எழுதிய அமெரிக்கப் பாடநூல். மூத்த மாணவர் படித்து அடிக்கோடிட்ட பிரதியே இளையவர் கைக்கு வருவதும் நின்றுவிடவில்லை.