ஸ்பீடு பிரேக்கரில் ‘டக் டக்’ சத்தம்.. பழைய காரில் சஸ்பென்ஷன் பழுதை கண்டுபிடிப்பது எப்படி?

ஓடி ஓடி வயசான கார். மெயின் ரோட்டில் சத்தமே இல்லை. ஆனால் தெருவுக்குள் திரும்பி, முதல் பள்ளத்தில் இறங்கியதும் முன்பக்கம் ‘டக் டக்’. ஒர்க்‌ஷாப்புக்கு போனால் பல நேரம் கிடைக்கும் பதில், “ஷாக் போச்சு சார், மாத்திடலாம்.”

ஆயிரக்கணக்கில் செலவு செய்து ஷாக் அப்சார்பரை மாற்றிய பிறகும் அதே சத்தம் வந்தால்? பலருக்கும் நடப்பது இதுதான். காரணம், சத்தம் வந்த பாகம் வேறு, மாற்றிய பாகம் வேறு.

சஸ்பென்ஷனைப் பொறுத்தவரை என்ன சத்தம் என்பதைவிட, அது எப்போது வருகிறது என்பதுதான் முக்கியம்.

சஸ்பென்ஷனில் என்னென்ன இருக்கிறது?

1983-ல் வந்த மாருதி 800 தொடங்கி, இன்று ஓடும் பெரும்பாலான சின்ன கார்கள் வரை முன்பக்கம் ஒரே மாதிரியான அமைப்புதான். ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த ‘ஸ்ட்ரட்’ மேலே இருக்கும். அது பாடியோடு சேரும் இடத்தில் ரப்பர் மவுண்ட்டும் பேரிங்கும் இருக்கும். கீழே சக்கரத்தைப் பிடித்திருப்பது லோயர் ஆர்ம். அதன் ஒரு முனையில் ரப்பர் புஷ்கள், மறுமுனையில் பால் ஜாயின்ட்.

வளைவில் கார் ஒரு பக்கம் சாயாமல் இருக்க, இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் ஸ்டெபிலைசர் பார் இருக்கும். அதை ஸ்ட்ரட்டோடு சேர்க்கும் விரல் தடிமன் கம்பிதான் லிங்க் ராடு. (சில சின்ன மாடல்களில் இந்த லிங்க் ராடு இருக்காது.)

இந்த பாகங்கள் சேரும் இடத்தில் எல்லாம் ஒன்று ரப்பர் இருக்கும், அல்லது கிரீஸ் அடைத்த மூட்டு இருக்கும். ரப்பர் காய்ந்து விரிசல் விடும்போதும், மூட்டு தேயும்போதும் இரும்பு இரும்போடு மோதுகிறது. அதுதான் சத்தம்.

முதலில் டிக்கியை காலி பண்ணுங்க

சஸ்பென்ஷன் மீது பழி போடுவதற்கு முன் ஜாக்கி, டூல் கிட், ஸ்டெப்னி, பின் கண்ணாடிக்கு கீழே இருக்கும் டிரே ஆகியவற்றை எடுத்துவிட்டு ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும். பேட்டரி கிளாம்ப் ஆடுகிறதா, சைலன்சரைத் தொங்கவிடும் ரப்பர் அறுந்திருக்கிறதா என்றும் பார்க்கலாம். டயரில் காற்று அளவுக்கு அதிகமாக இருந்தாலும் சின்ன பள்ளம்கூட பெரிதாக இடிக்கும்.

எந்த நேரத்தில் சத்தம்? எது காரணம்?

* மெதுவாக போகும்போது, சின்னச் சின்ன மேடு பள்ளத்தில் ‘டக் டக்’: முதல் சந்தேகம் லிங்க் ராடு, அடுத்து ஸ்டெபிலைசர் பார் புஷ்.
* பெரிய பள்ளத்தில் ‘டொம்’ என்று ஒரே இடி: ஸ்ட்ரட் மவுண்ட் அல்லது வலுவிழந்த ஷாக் அப்சார்பர்.
* பிரேக் போடும்போதும் வண்டியை எடுக்கும்போதும் ஒரே ஒரு ‘டொக்’: லோயர் ஆர்ம் புஷ். இன்ஜின் மவுண்ட் தேய்ந்திருந்தாலும் இதே சத்தம் வரும்.
* நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கை திருப்பும்போது ‘டங்’ அல்லது முறுக்கும் சத்தம்: ஸ்ட்ரட் மேலே இருக்கும் பேரிங். ஸ்பிரிங் உடைந்திருக்கவும் வாய்ப்பு உண்டு.
* மெதுவாக ஏறி இறங்கும்போது பழைய கதவு மாதிரி ‘கிரீச்’: காய்ந்துபோன ரப்பர் புஷ். மழையில் நனைந்ததும் இந்த சத்தம் குறைந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

சஸ்பென்ஷன் சத்தம் போலவே கேட்டு ஏமாற்றும் இரண்டு பழுதுகளும் உண்டு. ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்து ஆக்சிலேட்டர் கொடுக்கும்போது வரும் ‘கடகட’ சத்தம், டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்ட் பிரச்சனை. வேகம் கூடக் கூட ‘ங்ங்’ என்று ஏறும் ரீங்காரம் வீல் பேரிங்காக இருக்கலாம். வலது பக்கம் வளையும்போது அது அதிகமானால், பெரும்பாலும் எடை விழும் இடது பக்க பேரிங்தான் காரணம்.

ஸ்பீடு பிரேக்கரே ஒரு டெஸ்ட்

ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில், வண்டிகள் வராத நேரத்தில் ஒரு ஸ்பீடு பிரேக்கரில் நேராக, இரண்டு முன்சக்கரமும் ஒன்றாக ஏறும்படி மெதுவாக ஓட்ட வேண்டும். பிறகு ஒரு சக்கரம் மட்டும் முதலில் ஏறும்படி சற்று சாய்வாக ஏற்றி இறக்க வேண்டும்.

இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறும்போது ஸ்டெபிலைசர் பார் முறுக்கிக்கொள்ளாது. லிங்க் ராடுக்கு பெரிதாக வேலை இல்லை. ஒரு சக்கரம் மட்டும் ஏறும்போதுதான் அதன் மீது முழு பலமும் விழும். எனவே சாய்வாக ஏறும்போது மட்டும் சத்தம் வந்தால் லிங்க் ராடு, பார் புஷ் பக்கம் தேடலாம். இரண்டு விதத்திலும் வந்தால் ஸ்ட்ரட் மவுண்ட், ஷாக் அப்சார்பர், லோயர் ஆர்ம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

எந்தப் பக்கம் என்று புரியவில்லையா? கண்ணாடியை இறக்கிவிட்டு, நீளமான காம்பவுண்ட் சுவர் ஓரமாக மெதுவாக ஓட்டினால் அந்தப் பக்க சத்தம் சுவரில் பட்டுத் தெளிவாகக் கேட்கும்.

ஜாக்கி போட்டு என்ன பார்க்கலாம்?

வண்டியை ஜாக்கியில் மட்டும் நிறுத்திவிட்டு அடியில் கையோ தலையோ நுழைக்கவே கூடாது. சமதளத்தில் ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரத்துக்கு கல் வைத்து, ஸ்டாண்ட் கொடுத்த பிறகுதான் மற்றதெல்லாம்.

* சக்கரத்தை கடிகாரமாக நினைத்து 12 மணி, 6 மணி இடத்தில் பிடித்து ஆட்ட வேண்டும். ஆட்டம் இருந்தால் வீல் பேரிங் அல்லது பால் ஜாயின்ட். இன்னொருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங், அப்படியே இருந்தால் பால் ஜாயின்ட்.
* 3 மணி, 9 மணி இடத்தில் மட்டும் ஆட்டம் இருந்தால் ஸ்டீயரிங்கின் டை ராடு எண்ட்.
* பால் ஜாயின்ட்டின் ரப்பர் உறை கிழிந்திருக்கிறதா? உள்ளே மண்ணும் தண்ணீரும் போயிருக்கும். அதன் ஆயுசு அதிக நாள் இல்லை.
* ஷாக் அப்சார்பர் மேல் லேசான எண்ணெய்ப் பூச்சு இருந்தால் பயமில்லை. எண்ணெய் வழிந்து நனைந்திருந்தால் மாற்ற வேண்டும்.

காரின் ஒரு மூலையை அழுத்தி விட்டுப் பார்க்கும் பழைய சோதனையும் உண்டு. விட்டதும் ஓரிரு ஆட்டத்தில் நிற்காமல் குதித்துக்கொண்டே இருந்தால் ஷாக் அப்சார்பர் முடிந்துவிட்டது என்று அர்த்தம். ஆனால் உடனே நின்றுவிட்டால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது.

எது ஆபத்து, எது காத்திருக்கலாம்?

அதிகம் சத்தம் போடும் லிங்க் ராடுதான் இருப்பதில் விலை குறைந்த பாகங்களில் ஒன்று. அது தேய்ந்தால் எரிச்சலாக இருக்கும், வளைவில் கார் சற்று சாயும். சில நாள் நிதானமாக ஓட்டி, பிறகு மாற்றலாம்.

பால் ஜாயின்ட்டும் டை ராடு எண்டும் அப்படி இல்லை. பெரிய சத்தம் போடாமலே தேயும். பால் ஜாயின்ட் கழன்றால் ஓடும்போதே சக்கரம் மடங்கிவிடும். டை ராடு எண்ட் கழன்றால் அந்த சக்கரம் ஸ்டீயரிங்குக்கு கட்டுப்படாது. இவற்றில் ஆட்டம் தெரிந்தால், “அடுத்த மாசம் பார்த்துக்கலாம்” என்ற பேச்சே வேண்டாம். வீல் பேரிங்கில் ஆட்டம், ஸ்பிரிங் உடைவு ஆகியவையும் இதே பட்டியல்தான்.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

* ஷாக் அப்சார்பரை இடது, வலது என ஜோடியாக மாற்ற வேண்டும். ஸ்ட்ரட்டை கழற்றும்போதே பழைய மவுண்ட், பேரிங்கையும் மாற்றிவிட்டால் இரட்டைக் கூலி மிச்சம்.
* லோயர் ஆர்ம் புஷ் போல்ட்டை சக்கரம் தொங்கும் நிலையில் முழுசாக முறுக்கக் கூடாது. வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகே கடைசி முறுக்கு. இல்லாவிட்டால் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும். புது புஷ் போட்டும் சில மாதங்களில் சத்தம் திரும்ப இது ஒரு காரணம்.
* கிரீச் சத்தத்துக்கு ரப்பர் புஷ் மேல் இன்ஜின் ஆயில், டீசல் அடிக்க வேண்டாம். ரப்பர் ஊதிக் கெட்டுவிடும். சிலிகான் ஸ்பிரே அடித்து சத்தம் நின்றால், அந்த புஷ்தான் என்று உறுதியாகும்.
* ஸ்ட்ரட்டில் இருந்து ஸ்பிரிங்கை கழற்றும் வேலை வீட்டில் வேண்டவே வேண்டாம். அமுக்கிய ஸ்பிரிங் தெறித்தால் உயிருக்கே ஆபத்து.
* ஸ்ட்ரட், லோயர் ஆர்ம், டை ராடு எண்ட் எதை மாற்றினாலும் வீல் அலைன்மெண்ட் அவசியம். இல்லையென்றால் புது டயரும் ஒரு ஓரமாக தேயும்.

ஒர்க்‌ஷாப்பில் என்ன சொல்வது?

“சத்தம் வருது, பாருங்க” என்பது போதாது. “20 கிலோமீட்டர் வேகத்துக்குள், இடது முன்பக்கம், ஒரு சக்கரம் மட்டும் மேட்டில் ஏறும்போது வருது” என்று சொன்னால் மெக்கானிக்கின் வேலை பாதி முடிந்தது. முடிந்தால் அவரை பக்கத்தில் உட்கார வைத்து ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டலாம். பாகத்தை மாற்றும் முன், எங்கே ஆட்டம் இருக்கிறது என்று கையால் ஆட்டிக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தவறே இல்லை. கழற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்கிப் பார்க்கலாம்.

சொந்த உபயோக கார்களுக்கு பதிவு 15 ஆண்டுதான். அதற்குப் பிறகு புதுப்பிக்க வேண்டுமென்றால் வண்டி தகுதிச் சோதனைக்கு போக வேண்டும். ஆனால் அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. அடுத்த நெடுந்தூரப் பயணத்துக்கு முன், சத்தம் வருகிறதோ இல்லையோ, பால் ஜாயின்ட்டையும் டை ராடு எண்டையும் ஒருமுறை ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.