சீருடை களைந்த பின்: முன்னாள் போராளிகளின் மறுவாழ்வும் மல்வேர்ன் தமிழரும்

ஆயுதம் ஏந்தியவர்கள் போருக்குப் பின்னர் குடிமக்களாக வாழ்வது எவ்வாறு என்பது, போரைக் கண்ட எல்லாச் சமூகங்களும் எதிர்கொள்ளும் கேள்வி. இலங்கையும் கனடாவும் அதற்கு அளித்த விடைகளையும், அவற்றுக்கு இடையே புலம்பெயர்ந்த தமிழர்கள் நிற்கும் இடத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

ரொறன்ரோ மாநகரின் வடகிழக்கே, ஸ்காபரோவில் அமைந்துள்ள மல்வேர்ன் குடியிருப்பின் தெற்கு எல்லையாக 401 ஆம் இலக்க நெடுஞ்சாலை செல்கிறது. ஆப்கானிஸ்தானில் உயிரிழந்த கனடியப் படையினரின் உடல்கள் ட்ரென்டன் விமானப்படைத் தளத்தில் இருந்து இவ்வழியாகவே ரொறன்ரோவுக்குக் கொண்டுவரப்பட்டன. நெடுஞ்சாலையைக் கடக்கும் பாலங்களில் மக்கள் கூடி நின்று அஞ்சலி செலுத்தினர். 2007 ஆம் ஆண்டில் ஒன்ராறியோ மாகாண அரசு இப்பகுதிக்கு 'வீரர்களின் நெடுஞ்சாலை' என்று பெயர் சூட்டியது.

அதே மல்வேர்னில் இலங்கைத் தமிழர்கள் பெருந்தொகையாக வாழ்கின்றனர். போர்க்களத்தில் இருந்து வந்தவர்கள் அவர்களிடையேயும் உள்ளனர். 1980 களில் பல்வேறு இயக்கங்களில் சேர்ந்து பின்னர் விலகியவர்கள், சிறுவயதில் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டவர்கள், 2009 க்குப் பின்னர் தடுப்பு முகாம்களில் இருந்து வெளிவந்து நாட்டை விட்டு வெளியேறியவர்கள் எனப் பலதரப்பட்டவர்கள் அவர்கள். இவர்களில் பலர் தமது கடந்தகாலத்தை அயலவரிடம் மட்டுமன்றி, சில வேளைகளில் பிள்ளைகளிடமும் கூறுவதில்லை.

இரு தரப்பினரின் சட்ட நிலையும் ஒன்றல்ல. முன்னையவர்கள் ஓர் அரசின் படையினர். பின்னையவர்களில் பலர் இருந்த விடுதலைப் புலிகள் அமைப்பை, 2006 ஏப்ரலில் கனடா பயங்கரவாத அமைப்பாகப் பட்டியலிட்டது. ஆனால் உறக்கமின்மை, திடீர்ச் சினம், குற்ற உணர்வு, குடிப்பழக்கம், குடும்பத்தில் இருந்து விலகி நிற்றல் ஆகிய பாதிப்புகள் இரு தரப்பினரிடமும் காணப்படுபவை. வேறுபாடு, அவற்றைப் பற்றிப் பேசுவதற்கு யாருக்கு இடம் இருக்கிறது என்பதில்தான்.

இலங்கையின் புனர்வாழ்வுத் திட்டம்

2009 மே மாதத்தில் போர் முடிவுற்றபோது சரணடைந்தவர்கள், இடம்பெயர்ந்தோர் முகாம்களில் அடையாளம் காணப்பட்டவர்கள் என ஏறத்தாழ 12,000 பேரை இலங்கை அரசாங்கம் விடுதலைப் புலி உறுப்பினர்களாகத் தடுத்து வைத்தது. இவர்களில் 594 பேர் சிறுவர்கள் என்று அதிகாரிகள் தெரிவித்தனர். புனர்வாழ்வு ஆணையாளர் நாயகத்தின் பணியகம் இவர்களைப் பொறுப்பேற்றது. அவசரகால விதிகளின் கீழ் 2006 ஆம் ஆண்டில் இதற்கான ஒழுங்குகள் பிறப்பிக்கப்பட்டிருந்தன.

கல்வி, தொழிற்பயிற்சி, உளவள ஆலோசனை, குடும்பச் சந்திப்பு, சமய வழிபாடு, விளையாட்டு ஆகியவற்றை உள்ளடக்கியதாக இத்திட்டம் அமைந்தது. தச்சு, தையல், மின்னிணைப்பு, கணினி போன்ற துறைகளில் பயிற்சி அளிக்கப்பட்டது. சிறுவர்களில் ஒரு பகுதியினர் கொழும்புக்கு அருகேயுள்ள இரத்மலானை இந்துக் கல்லூரியில் படிப்பைத் தொடர்ந்தனர். 2010 ஆம் ஆண்டின் நடுப்பகுதிக்குள் சிறுவர்கள் குடும்பத்தினரிடம் ஒப்படைக்கப்பட்டனர். 2012 முடிவதற்குள் பெரும்பாலான வயதுவந்தோரும் விடுவிக்கப்பட்டனர்.

இவ்வளவு பெரிய தொகையினர் ஒப்பீட்டளவில் குறுகிய காலத்தில் விடுவிக்கப்பட்டதும், அவர்கள் மீண்டும் ஆயுத வன்முறைக்குத் திரும்பாததும் திட்டத்தின் வெற்றிக்குச் சான்றாக அரசாங்கத்தால் முன்வைக்கப்பட்டன. அமெரிக்காவின் மேரிலண்ட் பல்கலைக்கழகத்துடன் தொடர்புடைய உளவியலாளர்கள் 2018 இல் வெளியிட்ட ஆய்வும், முழுமையான பயிற்சிகளில் பங்குபற்றியவர்களிடம் தீவிரப் போக்கு குறைந்திருந்ததாகக் கூறியது. எனினும், தடுப்பில் இருப்பவர்கள் கேள்விகளுக்கு எவ்வளவு தூரம் மனம் திறந்து பதில் கூறியிருப்பார்கள் என்பது இத்தகைய ஆய்வுகள் எல்லாவற்றையும் தொடரும் ஐயம்.

திட்டத்தின் சட்ட அடித்தளம் தொடக்கத்திலேயே கேள்விக்கு உள்ளானது. குற்றச்சாட்டோ நீதிமன்ற மேற்பார்வையோ இன்றிப் பெருந்தொகையானோர் தடுத்து வைக்கப்பட்டதை சர்வதேச சட்டவல்லுநர் ஆணைக்குழு 2010 செப்டம்பரில் வெளியிட்ட அறிக்கையில் விமர்சித்தது. புனர்வாழ்வு என்பது உதவியா தண்டனையா என்ற குழப்பம் அன்றிலிருந்தே தொடர்கிறது. மேலும், இறுதி நாட்களில் படையினரிடம் ஒப்படைக்கப்பட்டதாக உறவினர்கள் கூறும் பலர் திரும்பி வரவேயில்லை. அவர்களைத் தேடும் குடும்பங்களுக்கு, விடுவிக்கப்பட்டவர்களின் எண்ணிக்கை ஆறுதல் அளிக்கவில்லை.

வீடு திரும்பிய பின்னர்

விடுவிக்கப்பட்டவர்கள் கொண்டு சென்ற சான்றிதழ் அவர்களை முழுமையான குடிமக்களாக ஆக்கிவிடவில்லை. புலனாய்வுத் துறையினர் வீடுகளுக்கு வந்து விசாரிப்பதும், முகாம்களுக்கு வந்து கையொப்பமிடுமாறு கேட்பதும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்ததாக மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்துள்ளன. இதன் விளைவை வன்னியின் கிராமங்களில் காண முடிந்தது. அயலவர்கள் அவர்களுடன் பழகத் தயங்கினர். முதலாளிகள் வேலை கொடுக்க அஞ்சினர். சீருடை அணிந்திருந்த பெண்களுக்குத் திருமணப் பேச்சுகள் தடைப்பட்டன. தச்சுப் பயிற்சி பெற்றவருக்கு உளியும் வாளும் கிடைத்தாலும், அவரை நம்பி வேலை தரும் வீடு கிடைக்கவில்லை.

ஆயிரக்கணக்கானோர் பாதுகாப்பு அமைச்சின் கீழ் இயங்கும் சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தின் பண்ணைகளிலும் முன்பள்ளிகளிலும் வேலைக்கு அமர்த்தப்பட்டனர். வருமானம் கிடைத்தது. ஆனால் அவர்கள் மீண்டும் ஒரு படைசார் அமைப்பின் கட்டுப்பாட்டுக்குள்ளேயே வாழ நேர்ந்தது என்று விமர்சகர்கள் சுட்டிக்காட்டினர்.

தமிழ் அரசியலும் அவர்களை முழுமையாக ஏற்றுக்கொள்ளவில்லை. 2015 ஆகஸ்ட் நாடாளுமன்றத் தேர்தலில் ஜனநாயகப் போராளிகள் கட்சியினர் யாழ்ப்பாணத்தில் சுயேச்சையாகப் போட்டியிட்டனர். ஓர் ஆசனமும் கிடைக்கவில்லை. மேடைகளில் போற்றப்படும் போராளி, உயிருடன் திரும்பி வந்தபோது சந்தேகத்துக்கு உரியவராக மாறிவிடும் நிலை காணப்பட்டது. 'சரணடைந்தவர்', 'காட்டிக் கொடுத்தவர்' என்ற சொற்கள் தாயகத்திலும் புலம்பெயர் நாடுகளிலும் ஒலித்தன.

விடுதலைப் புலிகளின் மகளிர் அரசியல்துறைப் பொறுப்பாளராக இருந்த தமிழினி 2013 இல் விடுவிக்கப்பட்டு, 2015 அக்டோபரில் புற்றுநோயால் காலமானார். மறு ஆண்டு வெளியான 'ஒரு கூர்வாளின் நிழலில்' என்ற அவரது நூலை அவர்தான் எழுதினாரா என்ற சர்ச்சையே பெரிதாக எழுந்தது. முன்னாள் போராளி ஒருவர் தன் அனுபவத்தைக் கூறினால் அது எவ்வாறு வரவேற்கப்படும் என்பதற்கு அது ஓர் எடுத்துக்காட்டு.

2023 ஜனவரியில் புனர்வாழ்வுப் பணியகத்துக்கான புதிய சட்டம் நிறைவேறியது. அதற்கு முன்னர், மூல வரைவில் 'முன்னாள் போராளிகள்' என்ற பிரிவினரைச் சேர்த்திருந்தது அரசியலமைப்புக்கு முரணானது என்று உயர் நீதிமன்றம் தீர்மானித்திருந்தது. போர் முடிந்து 13 ஆண்டுகள் கடந்த பின்னரும் அந்தச் சொல் சட்ட வரைவு ஒன்றில் இடம்பெற்றது கவனத்துக்கு உரியது.

வெற்றி பெற்ற படையினரின் நிலையும் எளிதாக இருக்கவில்லை. 12 ஆண்டு சேவையை நிறைவு செய்யும் முன்னரே ஊனமுற்று ஓய்வுபெற்றவர்கள், ஓய்வூதியம் கோரி 2016 நவம்பரில் கொழும்பில் போராட்டம் நடத்தினர். காவல்துறையினர் அதனைக் கலைத்தனர். நினைவுத் தூபிகளை எழுப்பும் அரசுகள், உயிருடன் இருக்கும் படைவீரரின் மாதாந்தச் செலவைக் கணக்கிடும்போது தயங்குவது இலங்கைக்கு மட்டும் உரியதல்ல.

கனடா கற்றுக்கொண்ட விதம்

கனடாவில் முதலாம் உலகப் போருக்குப் பின்னர் 1918 இல், திரும்பிய படையினரைக் குடியியல் வாழ்வில் அமர்த்துவதற்கெனத் தனித் திணைக்களம் அமைக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் காணி, பல்கலைக்கழகக் கல்வி, தொழிற்பயிற்சி, வேலைவாய்ப்பில் முன்னுரிமை ஆகியவை சட்டப்படியான உரிமைகளாக வழங்கப்பட்டன. ரொறன்ரோவின் சன்னிபுறூக் மருத்துவமனை 1948 இல் திறக்கப்பட்டது முன்னாள் படையினருக்காகவே.

ஆயினும் இப்பாதை நேரானதாக இருக்கவில்லை. 2006 இல் நடைமுறைக்கு வந்த புதிய சாசனம், ஊனமுற்றோருக்கான வாழ்நாள் ஓய்வூதியத்துக்குப் பதிலாக ஒரே தடவையில் வழங்கும் தொகையைக் கொண்டு வந்தது. ஆப்கானிஸ்தானில் இருந்து திரும்பியவர்கள் இதனை எதிர்த்து வழக்குத் தொடுத்தனர். நீதிமன்றத்தில் அவர்கள் வெற்றி பெறவில்லை. ஆனால் அரசியல் அழுத்தம் பலன் தந்தது. 2019 ஏப்ரலில் வாழ்நாள் ஓய்வூதியத் தெரிவு மீண்டும் அறிமுகமானது. அரசுக்கு எதிராக வழக்குத் தொடுக்கவும் வீதியில் இறங்கவும் அவர்களுக்கு இடம் இருந்தது என்பதே இங்கு முக்கியமானது.

உளநலத் துறையில் நிகழ்ந்த மாற்றம் தமிழர்களுக்கு நேரடியாகப் பயன்படக் கூடியது. ருவாண்டாவில் ஐ.நா. படைக்குத் தலைமை தாங்கிய ஜெனரல் ரோமியோ டலேர், தான் மனவடுவினால் பாதிக்கப்பட்டதையும் தற்கொலைக்கு முயன்றதையும் வெளிப்படையாகப் பேசினார். 2001 இல் கனடியப் படையினுள் சக வீரர்களே ஒருவருக்கொருவர் துணை நிற்கும் திட்டம் தொடங்கியது. இப்பாதிப்பை 'நோய்' என்று அழைக்காமல், பணியில் ஏற்பட்ட 'காயம்' என்று அழைக்க அத்திட்டம் வலியுறுத்தியது. கால் இழந்தவரைப் போலவே இவரும் காயப்பட்டவர் என்ற எண்ணம் அதனால் பரவியது. எமது பேச்சு வழக்கில் எல்லா மனப் பாதிப்புகளுக்கும் 'விசர்' என்ற ஒரே சொல் பயன்படுவதை நினைத்துப் பார்த்தால், சொல்லை மாற்றுவதன் பயன் புரியும்.

மல்வேர்னில் நிலவும் மௌனம்

இத்தகைய வசதிகள் எதுவும் மல்வேர்னில் வாழும் முன்னாள் போராளிக்கு உரித்தானவை அல்ல. அவர் பேசாதிருப்பதற்குச் சட்டமும் ஒரு காரணம். 2002 இல் நடைமுறைக்கு வந்த குடிவரவு மற்றும் அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தின் 34 ஆவது பிரிவின்படி, பயங்கரவாதத்தில் ஈடுபட்டதாக நம்பப்படும் அமைப்பில் உறுப்பினராக இருந்தவர் கனடாவுக்குள் அனுமதிக்கத் தகாதவர் ஆவார். அவர் தனிப்பட்ட முறையில் வன்முறையில் ஈடுபட்டிருக்க வேண்டியதில்லை. நம்புவதற்கு நியாயமான காரணம் இருந்தாலே போதுமானது. 'உறுப்பினர்' என்ற சொல்லுக்கு நீதிமன்றங்கள் பரந்த பொருள் அளித்துள்ளன.

இதன் விளைவாக நிரந்தர வதிவுரிமை மறுக்கப்படலாம். அது இன்றி மனைவி பிள்ளைகளை அழைக்க முடியாது. அமைச்சரின் விலக்களிப்பைக் கோரலாம் என்றாலும், அதற்கு நீண்ட காலம் காத்திருக்க வேண்டும். 2010 ஆகஸ்டில் 492 பேருடன் எம்.வி. சன் சீ கப்பல் பிரிட்டிஷ் கொலம்பியாவை அடைந்தபோது, பலர் மாதக்கணக்கில் தடுத்து வைக்கப்பட்டு இக்கோணத்திலும் விசாரிக்கப்பட்டனர். அதன் பின்னர் சமையற்கூட வேலை பற்றிக் கூறுவதற்குக் கூட மக்கள் அஞ்சினர்.

சிறுவயதில் சேர்க்கப்பட்டவர்களின் நிலை மேலும் சிக்கலானது. 2003 முதல் 2008 வரை விடுதலைப் புலிகள் சிறுவர்களைச் சேர்த்த 6,000 க்கும் அதிகமான சம்பவங்களை யுனிசெஃப் பதிவு செய்தது. சிறுவர் போராளிகளைத் தடுப்பதற்கான வான்கூவர் கோட்பாடுகளை 2017 இல் முன்னெடுத்த நாடு கனடா. ஆனால் 34 ஆவது பிரிவில் வயதுக்கென வெளிப்படையான விலக்கு எதுவும் இல்லை. வயதும் அறிவு முதிர்ச்சியும் வற்புறுத்தலும் வழக்கு வழக்காகவே பரிசீலிக்கப்படுகின்றன.

சட்டத்துக்கு அப்பால், உதவி நாடுவதில் உள்ள தயக்கமும் பெரிது. ரொறன்ரோ தமிழர்களிடையே மோர்ட்டன் பைசர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் நடத்தி 2003 இல் வெளியிட்ட ஆய்வில், மூன்றில் ஒரு பங்கினர் கடுமையான அதிர்ச்சி நிகழ்வுகளைச் சந்தித்திருந்தனர்; ஏறத்தாழ 12 சதவீதத்தினரிடம் மனவடுப் பாதிப்பு காணப்பட்டது; அவர்களில் மிகச் சிலரே சிகிச்சை நாடியிருந்தனர். இது முன்னாள் போராளிகள் மட்டுமல்ல, பொதுமக்கள் எல்லோரையும் உள்ளடக்கிய கணக்கு.

வேறு நாடுகள் காட்டும் பாடம்

நேபாளத்தில் ஐ.நா. சரிபார்த்த 19,602 மாவோயிஸ்ட் போராளிகளில் சுமார் 1,400 பேரே 2012 இல் இராணுவத்தில் சேர்க்கப்பட்டனர். பெரும்பாலோர் பணம் பெற்றுக்கொண்டு விலகினர். ஆனால் அவர்களின் கட்சி தேர்தலில் போட்டியிட்டு ஆட்சியைப் பிடித்தது. கொலம்பியாவில் 2016 உடன்படிக்கையின் பின்னர் ஆயுதம் களைந்தவர்களில் நூற்றுக்கணக்கானோர் கொல்லப்பட்டனர். பாதுகாப்பு இல்லாமல் மறுவாழ்வு இல்லை என்பதை அது காட்டியது.

இலங்கையிலேயே மற்றோர் உதாரணம் உண்டு. 1971 இலும் 1987-89 இலும் ஆயுதக் கிளர்ச்சி செய்த ஜே.வி.பி. யின் உறுப்பினர்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டனர், சிறையிடப்பட்டனர், புனர்வாழ்வும் அளிக்கப்பட்டனர். அக்கட்சி 1990 களில் தேர்தல் அரசியலுக்குத் திரும்பியது. 2024 செப்டம்பரில் அதன் தலைவர் அநுர குமார திசாநாயக்க ஜனாதிபதியானார். முன்னாள் கிளர்ச்சியாளர் என்ற அடையாளத்துடன் பொதுவாழ்வில் நிமிர்ந்து நிற்பது இலங்கையில் இயலாததல்ல. அந்த வாய்ப்பு தமிழ்ப் போராளிகளுக்கு எவ்வளவு தூரம் திறந்துள்ளது என்பதே கேள்வி.

செய்யக் கூடியவை

சட்டத்தை மாற்றுவது நீண்ட காலப் பணி. ஆனால் சட்டம் மாறும்வரை காத்திருக்கத் தேவையில்லாத பணிகளும் உள்ளன. வழக்கறிஞரிடமும் மருத்துவரிடமும் கூறப்படுபவை இரகசியமாகப் பாதுகாக்கப்படும் என்பதைப் பலர் அறிந்திருக்கவில்லை. இதனைத் தமிழில் எடுத்துக் கூறுவது முதற்படி. ரொறன்ரோவில் இயங்கும் சித்திரவதையால் பாதிக்கப்பட்டோருக்கான கனடிய மையம் போன்ற அமைப்புகள், ஒருவர் எந்தப் பக்கத்தில் இருந்தார் என்பதை நிபந்தனையாக்குவதில்லை.

யாழ்ப்பாணத்தின் உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் நீண்ட காலமாக வலியுறுத்தி வந்தது போல, எமது சமூகங்களில் மனவடு தனிமனிதரோடு நிற்பதில்லை. குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே பாதிக்கிறது. எனவே சிகிச்சையும் அங்கிருந்தே தொடங்க வேண்டும். தந்தை ஏன் இரவில் விழித்திருக்கிறார் என்பதை அறியாமல் வளரும் பிள்ளைகளுக்கும் இதில் பங்கு உண்டு.

மல்வேர்னுக்கு அருகே, ஸ்ரெயின்ஸ் வீதியில் தமிழ்ச் சமூக மையம் அமைப்பதற்கு கனடிய மத்திய அரசும் ஒன்ராறியோ அரசும் 2021 இல் நிதி அறிவித்தன. அத்தகைய மையத்தில் நினைவேந்தலுக்கான மண்டபம் இருக்கும் என்பதில் ஐயமில்லை. உயிருடன் திரும்பி வந்தவர், தன் பெயரைக் கூறாமலேனும் உள்ளே வந்து உட்கார்ந்து பேசக் கூடிய ஓர் அறையும் அங்கு இருக்குமா என்பதைத் தீர்மானிக்க வேண்டியவர்கள் ரொறன்ரோத் தமிழர்களே.