சிவப்பின் எண் 224: பிக்சல்களைச் சோதித்த கதை

கணினி வரலாறு எழுதுபவர்கள் பெரும்பாலும் பெரிய கண்டுபிடிப்புகளோடு நின்றுவிடுகிறார்கள். கண்டுபிடித்தது சரியாக வேலை செய்கிறதா என்று எப்படிச் சரிபார்த்தார்கள் என்பதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. அதில் ஒரு சின்ன மூலையை இங்கே பார்ப்போம். திரையில் தெரியும் ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் ஒரு வடிவத்திலிருந்து இன்னொரு வடிவத்துக்கு மாற்றும் நிரலும், அதைச் சோதித்த விதமும்தான் அது.

நிறத்தை எண்ணாகச் சேமிக்க ஒரே ஒரு வழி இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. 1973-இல் ஜெராக்ஸ் பார்க் ஆய்வுக்கூடத்தில் ரிச்சர்ட் ஷூப் உருவாக்கிய சூப்பர்பெயின்ட், ஒரு புள்ளிக்கு 8 பிட் ஒதுக்கியது. 1987-இல் ஐபிஎம்மின் விஜிஏ வந்தது. அதில் 2,62,144 நிறங்களிலிருந்து 256-ஐத் தேர்ந்தெடுத்துக் காட்டலாம். நினைவகம் விலை அதிகமான காலம், ஒவ்வொரு பிட்டையும் எண்ணித்தான் செலவழித்தார்கள். பிறகு சிவப்புக்கு 5, பச்சைக்கு 6, நீலத்துக்கு 5 என 16 பிட்டில் அடைத்தார்கள். பச்சைக்கு மட்டும் ஏன் ஒன்று கூடுதல்? நம் கண் பச்சையின் ஏற்ற இறக்கத்தைத்தான் நன்றாகப் பிரித்தறிகிறது. கடைசியில் நிறத்துக்கு 8 பிட் வீதம் 24 பிட், கூடவே ஒன்றும் எழுதாத 8 பிட், ஆக 32 என்ற வடிவம் நிலைத்தது. லினக்ஸில் இதன் பெயர் எக்ஸ்ஆர்ஜிபி 8888. அந்த 'எக்ஸ்' சும்மா இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் பைட்.

இது போதாதென்று இன்னொரு சிக்கல். பல பைட் கொண்ட எண்ணைச் சில செயலிகள் சிறிய முனையிலிருந்து எழுதும், சில பெரிய முனையிலிருந்து எழுதும். கலிவரின் பயணங்கள் கதையில் முட்டையை எந்த முனையில் உடைப்பது என்று சண்டை நடக்கும் அல்லவா? 1980-இல் டேனி கோஹன் அதிலிருந்துதான் லிட்டில் எண்டியன், பிக் எண்டியன் என்ற பெயர்களை எடுத்து இந்தச் சண்டைக்குச் சூட்டினார். பொருத்தமான பெயர்தான் :-)

இத்தனை வடிவங்களுக்கு நடுவே மாற்றும் நிரல் சரியா என்று சோதிக்கும் கருவி நெடுநாள் மனிதக் கண்ணாகவே இருந்தது. படத்தைப் போட்டுப் பார், நன்றாக இருந்தால் சரி. சிவப்பும் நீலமும் இடம் மாறினால் முகமெல்லாம் நீலமாகிவிடும், உடனே தெரியும். ஆனால் 5 பிட்டை 8 பிட்டாக விரிக்கும்போது வெறுமனே 8-ஆல் பெருக்கிவிட்டால்? உச்ச மதிப்பான 31, 255 ஆவதற்குப் பதில் 248 ஆகும். வெள்ளை வெள்ளையாக இருக்காது, ஆனால் எந்தக் கண்ணும் அதைக் கண்டுபிடிக்காது. என்னைக் கேட்டால், கண்ணுக்குத் தெரியும் பிழையை விட இதுதான் மோசமானது.

லினக்ஸ் கர்னலில் இந்த வேலை சிதறிக் கிடந்தது. சின்னச் சின்னத் திரைகளுக்கான டிரைவர்களில் இருந்த மாற்று நிரல்கள் 2019-இல் ஒரு பொதுக் கோப்புக்கு நகர்த்தப்பட்டன. 2021-இல் சிம்பிள்டிஆர்எம் என்ற டிரைவர் 5.14 பதிப்பில் சேர்ந்தது. பயாஸோ பூட்லோடரோ விட்டுச்சென்ற திரையை அப்படியே எடுத்துக்கொள்ளும் டிரைவர் அது. செயலிகள் எக்ஸ்ஆர்ஜிபி 8888-இல் படம் தரும், திரை வேறு வடிவம் கேட்டால் நடுவில் யாராவது மாற்ற வேண்டும். அந்தப் பொதுக் கோப்பில் ஒரு பிழை நுழைந்தால் இனி ஒரு திரையோடு போகாது.

சோதிப்பதற்கான வழி 2020 ஜனவரியில் வெளியான 5.5 பதிப்பில் திறந்தது. கேயூனிட் என்ற யூனிட் டெஸ்ட் கட்டமைப்பு அதில் வந்தது. ஒரு நிரல்துண்டை மட்டும் தனியாகப் பிடித்து, தெரிந்த உள்ளீட்டைக் கொடுத்து, தெரிந்த விடை வருகிறதா என்று பார்ப்பதுதான் யூனிட் டெஸ்ட். கிராபிக்ஸ் கார்டு வேண்டாம், திரையும் வேண்டாம். 2022-இல் பிக்சல் மாற்றத்துக்கு அப்படி எழுதினார்கள். முதலில் எடுத்துக்கொண்டது ஆர்ஜிபி 332, அதாவது 3, 3, 2 பிட்டுகளாக ஒரே பைட்டில் நிறம். முழுச் சிவப்பு 224 ஆக வேண்டும், பச்சை 28, நீலம் 3.

எனக்குப் பிடித்தது அந்த உள்ளீடுகளைத் தேர்ந்தெடுத்த விதம். முதலில் ஒரே ஒரு பிக்சல். அடுத்து, பெரிய படத்தின் ஓரத்திலிருந்து வெட்டியெடுத்த ஒரு பிக்சல். பிறகு வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம், மெஜந்தா, மஞ்சள், சயான் என எட்டு நிறங்கள். கடைசியாக, ஒவ்வொரு வரிக்குப் பின்னும் காலியிடம் விட்டு எழுதச் சொல்லும் சோதனை. பயனில்லாத அந்த எக்ஸ் பைட்டில் வேண்டுமென்றே குப்பை எண்களைப் போட்டிருந்தார்கள். நிரல் அதைத் தெரியாமல் தொட்டால் விடை கெட்டு மாட்டிக்கொள்ளும். விடைகளும் நிரலை ஓட்டிப் பார்த்து நகலெடுத்தவை அல்ல, வடிவத்தின் வரையறையிலிருந்து கணக்கிட்டு வைக்கக்கூடியவை. நகலெடுத்திருந்தால் நிரல் தன்னைத் தானே மெச்சிக்கொண்டதாக ஆகியிருக்கும்.

ஆனாலும் பவர்பிசி போன்ற பிக் எண்டியன் கணினிக்காக ஓட்டியபோது டெஸ்ட் தோற்றது. யார் மேல் தப்பு? டெஸ்ட் மேலா, நிரல் மேலா? தீர்ப்பு சொன்னது வரையறை. டிஆர்எம் வடிவங்கள் எல்லாம், வேறுவிதமாகக் குறிப்பிடாதவரை, லிட்டில் எண்டியன் என்று அதில் முன்பே எழுதியிருந்தது. டெஸ்டோ, செயலிக்கு இயல்பான வரிசையில் உள்ளீட்டைக் கொடுத்தது.  எழுதியவர்களின் மேசைகளில் பெரும்பாலும் லிட்டில் எண்டியன் செயலிகள், அதனால் யாருக்கும் உறைக்கவில்லை. அந்த ஆண்டே இரண்டு பக்கமும் திருத்தினார்கள்.

பின்னால் மற்ற வடிவங்களுக்கும் டெஸ்ட்கள் வந்தன. சாம்பல் நிறத்துக்கு மாற்ற, சிவப்பை 3-ஆலும் பச்சையை 6-ஆலும் பெருக்கி, நீலத்தை அப்படியே கூட்டி, 10-ஆல் வகுக்கிறார்கள். முழுச் சிவப்பு 76.5 வரும், முழு எண் கணக்கில் அது 76. கறுப்பு வெள்ளை மட்டும் காட்டும் குட்டி ஓஎல்இடி திரைக்குப் போகும்போது 128-உம் அதற்கு மேலும் இருந்தால்தான் புள்ளி எரியும். ஆகவே பச்சை எரியும், மஞ்சள் எரியும். சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை போட்டால் அந்தத் திரையில் இருட்டுதான் தெரியும். டெஸ்டில் அதுதான் சரியான விடை.