அம்பகமுவக் கல்வெட்டும் சோழர் போரும்

அட்டனுக்கு மேற்கே, கினிகத்தேனைக்கு அண்மையில், அம்பகமுவ என்னும் ஊர் உள்ளது. மலைநாட்டில் தேயிலை பயிராவதற்கு எழுநூறு ஆண்டுகளுக்கு முன்னரே, அவ்வூர்ப் பாறையொன்றில் முதலாம் விஜயபாகு மன்னன் சிங்கள மொழியில் ஒரு சாசனம் பொறிப்பித்தான். சிவனொளிபாத மலைக்கு ஏறிச்செல்லும் யாத்திரிகர்க்கு உணவளிக்க நிலங்கள் விடப்பட்ட செய்தியை அது கூறுகிறது.

சோழரை 1070ஆம் ஆண்டில் பொலன்னறுவையிலிருந்து அகற்றியவன் இவ்விஜயபாகுவே. 993ஆம் ஆண்டளவில் இராஜராஜ சோழனின் படை இலங்கையுட் புகுந்தது. 1017ஆம் ஆண்டளவில் இராஜேந்திரனின் படை ஐந்தாம் மகிந்தனைச் சிறைப்பிடித்தது. சோழர் விகாரைகளைக் கொள்ளையிட்டனர் என்று பிக்குமார் இயற்றிய சூளவமிசம் கூறும். இதனைக் கொண்டு, சைவம் பௌத்தத்தின்மேல் தொடுத்த சமயப்போர் இது எனப் பிற்காலத்தார் பலர் கருதலாயினர்.

கொள்ளை நடந்தது மெய்யே. ஆயின், போரின் நோக்கம் சமயந்தானா? பாண்டியன் இலங்கையில் அடைக்கலமாக வைத்திருந்த முடியைக் கவர்ந்ததையே இராஜேந்திரனின் மெய்க்கீர்த்தி பெருமையாகப் பேசுகிறது. அதே சோழர் காலத்தில், திருகோணமலைக்கு அண்மையிலுள்ள வெல்கம் விகாரை இராஜராஜப் பெரும்பள்ளி எனப் பெயர்பெற்றுத் தமிழரின் கொடைகளையும் ஏற்றது. சோழரை வென்ற விஜயபாகுவின் பெயராலோ கந்தளாய்ப் பகுதியில் விஜயராஜ ஈசுவரம் என்னும் சிவன் கோயில் விளங்கிற்று. அவன் மறைந்தபின், பொலன்னறுவையில் புத்தரின் தந்ததாதுக் கோயிலைக் காக்கும் பொறுப்பை வேளைக்காரப் படையினர் ஏற்றனர். அதனைத் தமிழ்க் கல்வெட்டிலேயே எழுதியும் வைத்தனர். அரசர் பொருளையும் முடியையும் நாடிப் பொருதனர். வழிபாடோ அவர்தம் எல்லைகளைக் கடந்து நின்றது.

கல்லில் எழுதியது இவ்வாறிருக்க, மக்கள் மனத்தில் எழுதப்பட்டது வேறு. அண்மை நூற்றாண்டுகளில் அப்பழம்போர் இரு இனங்களின் தீராப் பகையாகச் சித்திரிக்கப்பட்டது. மலையகத் தமிழரின் முன்னோர் திருச்சிராப்பள்ளி, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து, 19ஆம் நூற்றாண்டில், கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்கும் கூலிவேலைக்கு வந்தவர்கள். சோழர் படைக்கும் அவர்களுக்கும் யாதொரு தொடர்புமில்லை. எனினும் 1977, 1981, 1983ஆம் ஆண்டுகளின் வன்செயல்களில் அவர்களுடைய லயன்களும் கடைகளும் தப்பவில்லை. ஆயிரமாண்டுப் பழங்கதை, அதனை அறியாத ஏழையின் கூரைமேல் நெருப்பாக விழுவதும் உண்டு.

வன்மத்தை வளர்க்கும் நினைவு ஒன்று. வழியைக் காட்டும் நினைவு மற்றொன்று. மார்கழிப் பௌர்ணமி முதல் வெசாக் வரை நல்லதண்ணி வழியாகச் சிங்களக் கிராமத்தாரும் தோட்டத் தமிழரும் அதே மலையில் ஏறுகின்றனர். பௌத்தர் அதனைப் புத்தர் பாதம் என்பர். சைவர் சிவன் பாதம் என்பர். இஸ்லாமியர் ஆதம் நபியின் பாதம் என்பர். போரை வென்ற மன்னன் அம்பகமுவப் பாறையில் நிலைநிறுத்த விரும்பியது தன் வாளின் புகழை மட்டுமன்று. களைத்து வருவோர்க்கு இடும் சோற்றையுமே.