குளமும் கூட்டுக்கடமையும்

உணவுப் பாதுகாப்பைப் பற்றி ஆராய்வோர் நிலம், நீர், விதை, பசளை என்பனவற்றையே பெரிதும் எடுத்துப் பேசுவர். இவற்றைப் பேணும் பொறுப்பு யாருடையது என்னும் வினா அத்துணை எழுப்பப்படுவதில்லை. அவ்வினாவின் முதன்மையை ஈழநாட்டு வரலாற்று நிகழ்ச்சிகள் இரண்டு நன்கு உணர்த்துகின்றன.

வறண்ட வலயத்திலே மழையிற் பெரும்பகுதி ஆண்டின் இறுதி மாதங்களிலேயே பெய்கின்றது. அதனைத் தேக்கினாலன்றி நெற்செய்கை நிலைபெறாது. ஆதலின் பண்டையோர் பள்ளத்தாக்குகளில் ஒன்றன்கீழ் ஒன்றாகக் குளங்களை அமைத்தனர். மேற்குளத்து வயலிற் பாய்ந்து கழிந்த நீர் கீழ்க்குளத்தை அடைந்து மீண்டும் பயன்பட்டது. நீர் குறைந்த ஆண்டிற் குளத்தை அடுத்துள்ள வயலை மாத்திரம் எல்லோரும் பகிர்ந்து விதைத்தனர். இவ்வழக்கத்தைச் சிங்கள மக்கள் 'பெத்ம' என்பர். ஆயினும், மண்ணாலாய குளக்கட்டு ஆண்டுதோறும் திருத்தப்பட்டாலன்றி நில்லாது.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் பின் பெருங்குளங்கள் பல பாழடைந்தன. எஞ்சிய கிராமக் குளங்களைக் காத்தது மக்களின் கூட்டுழைப்பேயாகும். இவ்வுழைப்பு இராசகாரியம் என்னும் கட்டாய ஊழிய முறையோடு பிணைந்திருந்தது. கோல்புறூக்கின் விதப்புரைப்படி 1832 ஆம் ஆண்டில் ஆங்கில அரசு இராசகாரியத்தை ஒழித்தது. மக்களை வருத்திய முறை ஒழிந்தமை நன்றே. ஆயின், குளங்களைப் பேணும் கடமையை வற்புறுத்தும் அதிகாரமும் அதனோடு ஒழிந்தது. அவ்விடத்தை நிரப்ப வேறெதுவும் வகுக்கப்படவில்லை. பணிக்கு வாராதவனைக் கேட்பாரிலர். பல ஊர்களிற் குளங்கள் தூர்ந்தன, வயல்கள் கைவிடப்பட்டன. இருபத்துநான்கு ஆண்டுகள் கழிந்த பின்னரே, சேர் ஹென்றி வாட் தேசாதிபதியாயிருந்த காலத்தில், 1856 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் நீர்ப்பாய்ச்சல் பற்றிய பழைய வழக்கங்களுக்குச் சட்டவலுவளித்தது.

இரண்டாவது நிகழ்ச்சி நம் கண்முன்னே நடந்தது. 2021 ஆம் ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. மண்ணும் நீரும் நஞ்சேறாது காத்தல் வேண்டுமென்பதில் ஐயமில்லை. ஆயின், வயல்களுக்கு வேண்டிய அளவு சேதனப் பசளை ஆயத்தமாயிருக்கவில்லை. அதனைச் செய்யவும் பயன்படுத்தவும் கமக்காரர் போதிய அளவு பயிற்றப்படவுமில்லை. அவ்வாண்டு நவம்பரிலே தடை நீக்கப்பட்டதெனினும், அடுத்த காலபோக விளைவு பெரிதும் வீழ்ந்தது. அரிசியில் ஏறக்குறையத் தன்னிறைவு கண்டிருந்த நாடு அதனைப் பெருமளவில் இறக்குமதி செய்ய நேர்ந்தது.

இராசகாரியமும் இரசாயனப் பசளையும் ஒரு தன்மையன அல்ல என்பது மெய்யே. எனினும், இரண்டு இடத்தும் நேர்ந்த பிழை ஒன்றே. தீங்குடையதெனக் கண்டதை நீக்குமுன், அது ஆற்றிவந்த பணியை இனி யார், எவ்வாறு ஆற்றுவர் என்று ஆராயப்படவில்லை. அவ்வாராய்ச்சியின் குறையை முதலிலே தாங்கியவன் வயலிலே நின்ற கமக்காரன். அடுத்துத் தாங்கியவர் அவன் விளைவை உண்போர்.

நிலைபேறான கமத்தொழிலை நாடும் வளர்முக நாடுகள் யாவும் இதனைக் கருத்திற் கொள்ளுதல் வேண்டும். மாற்றம் இன்றியமையாதது, ஆயின் கமக்காரரைக் கலந்து, மாற்றுவழியை முன்னரே ஆயத்தஞ்செய்து, படிப்படியாகப் புகுத்தப்படும் மாற்றமே நிலைக்கும்.