படிகக் கற்களைத் தூய்மை செய்தலும் பேணுதலும்

படிகக் கற்களைத் தூய்மை செய்தல் என்பது, உடல்நலமோ மன அமைதியோ தரும் என்ற நம்பிக்கையில் அணியப்படும் அல்லது வீட்டில் வைக்கப்படும் கனிமங்களை நீர், உப்பு, வெயில், நிலவொளி, புகை, ஒலி முதலியவற்றால் சுத்தி செய்யும் வழக்கம். கல் தன்னைச் சுற்றியுள்ள எதிர்மறை ஆற்றலை உள்வாங்கிக்கொள்கிறது, அதை அவ்வப்போது வெளியேற்ற வேண்டும் என்பது இதைக் கடைப்பிடிப்போர் கருத்து. இத்தகைய ஆற்றல் எதையும் எந்தக் கருவியும் அளந்ததில்லை. ஆனால் இந்த வழக்கங்களால் கல்லுக்கும் சில வேளைகளில் மனிதருக்கும் நேரும் பாதிப்பு மெய்யானது. சில முறைகள் கல்லைக் கரைக்கும்; சில நிறத்தை வெளுக்கும்; சில நஞ்சைக் குடிநீரில் சேர்க்கும். எந்த முறை எந்தக் கல்லுக்குத் தகும் என்பதைக் கல்லின் வேதியியலும் கடினத்தன்மையுமே முடிவு செய்கின்றன.

பின்னணி

கற்களுக்குக் காக்கும் வல்லமை உண்டு என்ற நம்பிக்கை பல பண்பாடுகளில் பழமையானது. இந்தியாவில் ஒன்பது மணிகளை ஒன்பது கோள்களோடு இணைக்கும் நவரத்தின மரபு இன்றும் உயிரோடு இருக்கிறது. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை மதுரையின் மணிக் கடைத்தெருவையும், அங்கு விற்ற கற்களின் குணங்களையும் குற்றங்களையும் விவரிக்கிறது. ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் குவார்ட்ஸ், பெரில் முதலிய கற்களைத் தீட்டி மணியாக்கிய பட்டறைகளின் தடயங்களை அகழாய்வாளர்கள் கண்டெடுத்துள்ளனர். ஸ்படிக மாலை அணிவதும், இராமேசுவரம் கோயிலில் விடியற்காலை ஸ்படிக லிங்கத்தைத் தரிசிப்பதும் தொடர்ந்து வரும் வழக்கங்கள்.

இன்று ‘கிரிஸ்டல் ஹீலிங்’ என்ற பெயரில் பரவியிருப்பது இந்த மரபுகளிலிருந்து நேராக வந்ததன்று. 1970களிலும் 1980களிலும் அமெரிக்காவில் வளர்ந்த ‘நியூ ஏஜ்’ இயக்கத்தில் அது இன்றைய வடிவத்தைப் பெற்றது. பல நாட்டு மரபுகளிலிருந்து எடுத்த கூறுகளை அது ஒன்றாக்கியது. பௌர்ணமி இரவில் கல்லை வெளியே வைப்பது, வெண்ணிறச் சேஜ் செடியின் புகையைக் காட்டுவது, இமயமலைப் பகுதியின் இசைக்கிண்ணத்தை ஒலிப்பது ஆகியவை இப்படித்தான் ஒரே பட்டியலில் இடம்பிடித்தன.

அறிவியல் நோக்கு

படிகங்களுக்கு ஆற்றல் உண்டு என்பதற்குச் சான்றாக அழுத்தமின் விளைவு அடிக்கடி காட்டப்படுகிறது. குவார்ட்ஸை அழுத்தினால் அதில் மின்னூட்டம் தோன்றுவதை ஜாக் கியூரி, பியர் கியூரி சகோதரர்கள் 1880இல் கண்டறிந்தனர். கைக்கடிகாரத்தில் உள்ள குவார்ட்ஸ் விநாடிக்கு 32,768 முறை அதிர்வதும் இந்தப் பண்பால்தான். எனினும் அதை அதிரவைப்பது பேட்டரியின் மின்சாரம். அலமாரியில் கிடக்கும் கல் தானாக எதையும் வெளியிடுவதுமில்லை, உள்வாங்குவதுமில்லை.

லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியின் உளவியலாளர் கிறிஸ்டோபர் பிரெஞ்ச் தம் குழுவினருடன் செய்த ஆய்வொன்றின் முடிவுகளை 2001இல் வெளியிட்டார். பங்கேற்றவர்களில் சிலருக்கு உண்மையான குவார்ட்ஸும் சிலருக்குப் போலிக் கல்லும் தரப்பட்டன. கையில் வெதுவெதுப்பு, கூச்சம், மன அமைதி போன்ற உணர்வுகளை இரு சாராரும் ஒரே அளவில் கூறினர். எதிர்பார்ப்பே உணர்வை உண்டாக்குகிறது என்பது ஆய்வாளர்களின் முடிவு. கல்லைக் கையில் வைத்து அமைதியாக அமர்வதால் ஒருவர் இளைப்பாறலாம். மருத்துவர் தந்த சிகிச்சைக்கு அது மாற்றாகாது.

சேதத்தை முடிவு செய்யும் பண்புகள்

கடினத்தன்மை: ஜெர்மானியக் கனிமவியலாளர் பிரெடரிக் மோஸ் 1812இல் வகுத்த அளவுகோல் கனிமங்களை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்துகிறது. வைரம் 10, மாணிக்கமும் நீலமும் 9, குவார்ட்ஸ் 7, ஃபுளோரைட் 4, கால்சைட் 3, ஜிப்சம் 2. நகத்தின் கடினம் ஏறக்குறைய 2.5 என்பதால், ஜிப்சத்தின் பளிங்கு வடிவமான செலினைட்டை நகத்தாலேயே கீறிவிடலாம். வீட்டுத் தூசியில் நுண்ணிய குவார்ட்ஸ் துகள்கள் கலந்திருக்கும். ஆகவே 7க்குக் குறைந்த கற்களை உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்தால் அவற்றின் பளபளப்பு போகும். முதலில் மென்தூரிகையால் தூசியைத் தட்ட வேண்டும்.

பிளவுத் தளங்கள்: கடினமான கல் உடையாது என்பது தவறான எண்ணம். டோபாஸின் கடினம் 8. ஆனாலும் அதில் உள்ள ஒரு பிளவுத் தளத்தின் வழியே ஒரே அடியில் இரண்டாகும். ஃபுளோரைட்டுக்கு அத்தகைய தளங்கள் நான்கு திசைகளில் உள்ளன. திடீர் வெப்பமாற்றமும் இத்தளங்களைத் திறந்துவிடும். அதனால் வெந்நீரிலிருந்து குளிர்நீருக்கு எந்தக் கல்லையும் மாற்றலாகாது.

நுண்துளைகள்: டர்க்காய்ஸ் தோலின் எண்ணெயையும் வாசனைத் திரவியத்தையும் உறிஞ்சி நாளடைவில் பச்சை நிறமாக மாறும். ஓப்பலின் எடையில் பெரும்பாலும் 3 முதல் 10 விழுக்காடு நீர். அது வறண்டால் மேற்பரப்பில் வலைபோல வெடிப்பு விழும். எத்தியோப்பியாவின் வோலோ பகுதி ஓப்பல்கள் நீரை உறிஞ்சித் தற்காலிகமாகக் கண்ணாடிபோலத் தெளிந்து, தம் வண்ணஜாலத்தை இழக்கும்.

வேதிவினை: முத்தும் பவளமும் கால்சியம் கார்பனேட்டால் ஆனவை. வினிகரும் எலுமிச்சைச் சாறும் அவற்றை அரிக்கும். நெடுநாள் வியர்வைகூட முத்தின் ஒளியை மங்கவைக்கும். கால்சைட், மாலகைட், லாபிஸ் லசூலி ஆகியவையும் அமிலத்துக்குத் தாங்கா. குவார்ட்ஸ் இதற்கு நேர்மாறு. குவார்ட்ஸ் வகையான ஸ்படிகத்துக்குப் பால், தேன், எலுமிச்சை அபிஷேகம் செய்தாலும் கல்லுக்கு ஒன்றும் ஆகாது; மணித்துளையிலும் நூலிலும் தங்கும் பிசுக்கைக் கழுவினால் போதும்.

வழக்கிலுள்ள முறைகள்

நீர்: செவ்வந்திக்கல், ரோஸ் குவார்ட்ஸ், அகேட் போன்ற குவார்ட்ஸ் வகைகளை அறைவெப்ப நீரில் கழுவலாம். செலினைட் நீரில் சிறிது சிறிதாகக் கரையும். ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ 2 கிராம் ஜிப்சத்தைக் கரைக்க வல்லது. பாகிஸ்தானின் கேவ்ராச் சுரங்கத்திலிருந்து வரும் இளஞ்சிவப்பு உப்புக்கல் முழுவதுமே கரைந்துவிடும். கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் அது தானாகவே கசியும். பைரைட் ஈரத்தில் ஆக்சிஜனோடு சேர்ந்து இரும்பு சல்பேட்டாகவும் கந்தக அமிலமாகவும் சிதையும். அருங்காட்சியகங்கள் பைரைட் மாதிரிகளை ஈரப்பதம் குறைந்த பெட்டிகளில் வைப்பது இதற்காகவே.

உப்பு: உப்பு கல்லைக் கீறும் என்று பலர் எச்சரிப்பதுண்டு. உப்பின் கடினம் 2 முதல் 2.5 வரைதான், குவார்ட்ஸை அது கீறாது. கேடு வேறு இடத்தில் இருக்கிறது. உப்புநீர் நுண்துளைகளுக்குள் புகுந்து, உலரும்போது படிகமாகி, கல்லை உள்ளிருந்து நெருக்கிப் பிளக்கும். மோதிரத்தின் உலோகத்தையும் அரிக்கும். ஓப்பல், டர்க்காய்ஸ், முத்து, பைரைட் ஆகியவற்றை உப்பில் புதைக்கக் கூடாது.

வெயில்: செவ்வந்திக்கல்லின் ஊதா, அதில் கலந்த இரும்பும் இயற்கைக் கதிரியக்கமும் சேர்ந்து தந்தது, நெடுநேர வெயிலில் வெளிறும். புகைநிறக் குவார்ட்ஸ், குன்சைட், சில ஃபுளோரைட்டுகள் ஆகியவற்றின் நிறமும் மங்கும். வெயிலில் வைத்த பளிங்கு உருண்டை குவிவில்லையாகச் செயல்பட்டுத் திரைச்சீலையில் தீ மூட்டும் அபாயமும் உண்டு. படிக உருண்டைகளைச் சன்னல் ஓரத்தில் வைக்கலாகாது.

நிலவொளி: எந்தக் கல்லையும் கெடுக்காத முறை. வெளியே வைத்தால் பனி படியும் என்பதால் கரையும் கற்களைச் சன்னலுக்கு உட்புறம் வைப்பது நல்லது.

புகை: சாம்பிராணிப் புகையோ சேஜ் புகையோ கல்லைப் பெரிதும் பாதிக்காது, நுண்துளைக் கற்களில் கரி படியலாம். ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் குழந்தைகளுக்கும் மூடிய அறைப் புகை தீங்கானது. வெண்ணிறச் சேஜ், தெற்குக் கலிபோர்னியாவிலும் அதையடுத்த மெக்சிகோப் பகுதியிலும் மட்டுமே இயற்கையாக வளர்வது. சந்தைத் தேவைக்காகக் காட்டுச் செடிகளைத் திருட்டுத்தனமாகப் பறிப்பதை அப்பகுதிப் பழங்குடியினர் எதிர்க்கின்றனர்.

ஒலி: இசைக்கிண்ணம், மணி ஆகியவற்றின் ஓசையால் கேடில்லை. கல்லைக் கிண்ணத்துக்குள் போட்டு ஒலிக்கச் செய்தால் மோதி விளிம்பு சிதறும்.

மண்ணில் புதைத்தல்: ஈரம், மண்ணின் அமிலத்தன்மை, மணலிலுள்ள குவார்ட்ஸ் துகள் மூன்றும் மென்கற்களுக்குப் பகை.

நச்சுக் கனிமங்களும் கல் ஊறிய நீரும்

கல்லைக் குடிநீரில் ஊறவைத்து அந்நீரைப் பருகுவது இவ்வழக்கங்களில் மிக ஆபத்தானது. அழகுக்காக விற்கப்படும் கனிமங்களில் நஞ்சு கொண்டவை பல. சாதிலிங்கம் பாதரச சல்பைடு. மனோசிலையும் அரிதாரமும் ஆர்சனிக் சல்பைடுகள். காலீனா ஈய சல்பைடு. நீலப் பளிங்காக மின்னும் கால்கந்தைட், மயில்துத்தத்தின் இயற்கை வடிவம். நீரில் உடனே கரைந்து வாந்தியும் குடல்புண்ணும் உண்டாக்கும். மனோசிலை வெளிச்சத்தில் நாளடைவில் மஞ்சள் பொடியாக உதிரும். மாலகைட்டில் செம்பு உண்டு. அமிலப் பானத்தில் அது கரையும். இவற்றைத் தொட்டபின் கை கழுவ வேண்டும். குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்க வேண்டும். கல் உள்ள நீரைப் பருகும் வழக்கத்தை விட முடியாதவர்கள், கல்லை மூடிய கண்ணாடிக் குப்பிக்குள் வைத்து அக்குப்பியை நீருக்கு அருகே வைப்பதே பாதுகாப்பு.

நஞ்சில்லாத கல்லும் பொடியானால் தீங்கு செய்யும். குஜராத்தின் கம்பாத்தில் அகேட் தீட்டும் தொழிலாளர்கள் பலர் சிலிக்காத் தூசியால் சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோய்க்கு ஆளாகியுள்ளனர். கல்லை வீட்டில் அரைப்பதும் உலர்நிலையில் தேய்ப்பதும் கூடாது.

மேம்படுத்தப்பட்ட கற்கள்

சந்தைக்கு வரும் கற்களில் பெரும்பகுதி ஏதோ ஒரு விதத்தில் மாற்றப்பட்டவை. மரகதத்தின் வெடிப்புகளில் எண்ணெயோ பிசினோ செலுத்துவது வணிகத்தில் வழக்கம். நீராவியும் மீயொலிக் கருவியும் அதை வெளியேற்றிக் கல்லை மங்கலாக்கும். ஈயக் கண்ணாடி நிரப்பிய மலிவு மாணிக்கங்களை எலுமிச்சைச் சாறே அரித்துவிடும். சிட்ரின் எனக் கடைகளில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை சூடேற்றிய செவ்வந்திக்கற்கள். இவற்றால் பேணலில் சிக்கல் இல்லை. டர்க்காய்ஸ் என்ற பெயரில் விற்கும் சாயமேற்றிய ஹவ்லைட், நகப்பூச்சு நீக்கியில் நனைத்த பஞ்சால் துடைத்தால் நிறம் விடும்.

பேணும் முறை

குவார்ட்ஸ், மாணிக்கம், நீலம் போன்ற உறுதியான, மேம்படுத்தப்படாத கற்களை மிதமான சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் மென்தூரிகையால் தேய்த்து, நன்றாக அலசி, பருத்தித் துணியால் ஒற்றி உலர்த்தலாம். முத்து, பவளம், டர்க்காய்ஸ், மாலகைட் ஆகியவற்றை ஈரத் துணியால் மெல்லத் துடைத்து உடனே உலர்த்த வேண்டும். செலினைட், பைரைட், உப்புக்கல் ஆகியவற்றுக்கு உலர்ந்த மென்தூரிகை மட்டுமே.

பல கற்கள் பதித்த நகையை அதில் மிக மென்மையான கல்லின் தேவைப்படி பேண வேண்டும். நவரத்தின மோதிரத்தில் வைரம் இருந்தாலும் அதன் அளவுகோல் முத்தும் பவளமும்தான். வாசனைத் திரவியம், கூந்தல் தைலம் பூசி முடித்த பிறகே அதை அணிவது நல்லது. நூலில் கோத்த மாலைகளை நீரில் ஊறவைத்தால் நூல் இற்றுப்போகும். முத்துமாலையைத் தொங்கவிடாமல் படுக்கைவாக்கில் வைக்க வேண்டும்.

கற்களைக் கலந்து ஒரே பையில் போட்டால் கடினமானது மென்மையானதைக் கீறும். ஒவ்வொன்றையும் தனித் துணிப்பையிலோ அறை பிரித்த பெட்டியிலோ வைப்பது முறை. பைரைட்டோடு சிலிக்கா ஜெல் பொட்டலம் வைக்கலாம்; வறட்சி ஆகாத ஓப்பலுக்கு அது வேண்டாம். பெயர் தெரியாத கல் கைக்கு வந்தால், அடையாளம் உறுதியாகும் வரை அதை நீர், உப்பு, வெயில், குடிநீர் நான்கிலிருந்தும் விலக்கி, உலர்தூரிகையோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.