முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதியம்

முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதியம் என்பது, இந்திய நிறுமங்களில் உரியவர்களால் நெடுங்காலம் பெறப்படாமல் கிடக்கும் ஈவுத்தொகை, வைப்புத்தொகை முதலியவற்றைத் திரட்டி, முதலீட்டாளர்களிடையே நிதிசார் அறிவைப் பரப்பவும் அவர்களின் நலனைக் காக்கவும் நடுவண் அரசு ஏற்படுத்திய நிதியம் ஆகும். 1956 ஆம் ஆண்டு நிறுமங்கள் சட்டத்தில் 1999 இல் சேர்க்கப்பட்ட 205சி பிரிவின் கீழ், 2001 அக்டோபர் 1 அன்று இது நிறுவப்பட்டது. தற்போது 2013 ஆம் ஆண்டு நிறுமங்கள் சட்டத்தின் 125 ஆம் பிரிவின்படி இயங்குகிறது. முதலீட்டாளர் கல்வியில் ஈடுபடும் தன்னார்வ அமைப்புகள் நிதி நல்கை பெறுவதற்கு நாட்டில் ஏற்பட்ட முதன்மையான வழிகளுள் இதுவும் ஒன்றாகும்.

பின்னணி

ஒரு நிறுமம் ஈவுத்தொகை அறிவித்தபின் அது பங்குதாரரைச் சென்றடையாமல் போவதற்குப் பல காரணங்கள் உண்டு. முகவரி மாறியிருக்கலாம், வங்கிக் கணக்கு மூடப்பட்டிருக்கலாம், பங்கு வாங்கியவர் இறந்துவிட, அப்படி ஒரு முதலீடு இருப்பதே வாரிசுகளுக்குத் தெரியாமல் இருக்கலாம். பங்குகள் தாள் சான்றிதழ்களாக இருந்த காலத்தில் இவ்வாறு நேர்வது மிகுதி.

1999 க்கு முன்னர், இவ்வாறு 3 ஆண்டுகள் பெறப்படாமல் இருந்த ஈவுத்தொகை நடுவண் அரசின் பொது வருவாய்க் கணக்கில் செலுத்தப்பட்டது. உரியவர் அரசிடம் விண்ணப்பித்து அதைத் திரும்பப் பெற இயலும். எனினும் அத்தொகை முதலீட்டாளர் நலனுக்கெனத் தனியே ஒதுக்கப்படவில்லை.

1990களில் பொருளாதாரத் தாராளமயத்தைத் தொடர்ந்து நடுத்தர வகுப்பினர் பெருமளவில் பங்குச்சந்தைக்கு வந்தனர். 1992 இல் வெளியான பங்குப் பத்திர ஊழலும், பொதுமக்களிடம் பணம் திரட்டியபின் இருப்பிடம் தெரியாமல் போன 'மறைந்த நிறுமங்களும்' அனுபவமற்ற முதலீட்டாளர்களைப் பெரிதும் பாதித்தன. தமிழ்நாட்டில் தனியார் நிதி நிறுவனங்கள் பல வைப்புத்தொகையைத் திருப்பித் தர இயலாமல் முடங்கியமையால், 1997 இல் வைப்பீட்டாளர் நலன் காக்கும் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. சட்டம் போட்டுத் தண்டிப்பது மட்டும் போதாது, முதலீடு செய்பவருக்கு முன்கூட்டியே அறிவூட்டவும் வேண்டும் என்ற கருத்து வலுப்பெற்ற சூழலில் இந்நிதியம் தோன்றியது.

நிதி ஆதாரங்கள்

நிதியத்தில் சேரும் தொகைகளுள் முக்கியமானவை பின்வருமாறு:

* 7 ஆண்டுகள் பெறப்படாத ஈவுத்தொகை
* பங்கு கிடைக்காத விண்ணப்பதாரர்களுக்குத் திருப்பித் தரவேண்டிய விண்ணப்பப் பணம்
* முதிர்வடைந்த வைப்புத்தொகைகளும் கடனீட்டுப் பத்திரத் தொகைகளும், அவற்றின் வட்டியும்
* நடுவண் அரசு, மாநில அரசுகள், நிறுமங்கள் முதலியோர் வழங்கும் கொடைகள்

ஈவுத்தொகை அறிவிக்கப்பட்ட 30 நாட்களுக்குள் வழங்கப்பட வேண்டும். அவ்வாறு வழங்கப்படாத தொகையை, அடுத்த 7 நாட்களுக்குள் வங்கியில் இதற்கெனத் தொடங்கப்படும் தனிக் கணக்குக்கு நிறுமம் மாற்ற வேண்டும். 7 ஆண்டுகள் கழிந்தபின் அது நிதியத்தைச் சேர்கிறது. தொடர்ந்து 7 ஆண்டுகள் ஈவுத்தொகை பெறப்படாதிருப்பின் பங்குகளும் மாற்றப்படும் என்பது 2013 சட்டம் கொண்டுவந்த மாற்றமாகும். அவ்வாறு மாற்றப்பட்ட பங்குகளுக்குரிய வாக்குரிமை, உரிமையாளர் அவற்றை மீட்கும் வரை முடக்கி வைக்கப்படும்.

நல்கை வழங்கும் முறை

2001 ஆம் ஆண்டு விதிகள் கருத்தரங்குகள், பயிற்சிகள், ஆய்வுகள் முதலியவற்றுக்கு நல்கை வழங்க வழிசெய்தன. விண்ணப்பிக்கும் அமைப்புக்கு அவ்விதிகள் வகுத்த தகுதிகள்:

* சங்கமாகவோ, அறக்கட்டளையாகவோ, நிறுமமாகவோ பதிவு பெற்றிருத்தல்
* குறைந்தது 2 ஆண்டுகள் செயற்பட்டிருத்தல்
* குறைந்தது 20 உறுப்பினர்களைக் கொண்டிருத்தல்
* இலாப நோக்கின்றி இயங்குதல்
* தணிக்கை செய்யப்பட்ட கணக்குகளைக் காட்டுதல்

ஓர் அமைப்புக்கு வழங்கும் தொகை, நிதியத்தின் அவ்வாண்டு ஒதுக்கீட்டில் 5 விழுக்காட்டையும், திட்டச் செலவில் பாதியையும் மிஞ்சலாகாது எனவும் வரையறுக்கப்பட்டது. எடுத்துக்காட்டாக, ஓர் ஊரில் 2 இலட்சம் ரூபாய்ச் செலவில் முகாம்கள் நடத்த விரும்பும் அமைப்பு அதிகபட்சம் 1 இலட்சம் ரூபாய் நல்கை பெறலாம். எஞ்சியதை அது தானே திரட்ட வேண்டும். பொறுப்புணர்வை உறுதிசெய்ய இது உதவினாலும், சொந்த வருவாய் இல்லாத சிறிய ஊரகச் சங்கங்களுக்கு இது கடினமான நிபந்தனையே.

கான்பூரைச் சேர்ந்த மைடாஸ் டச் முதலீட்டாளர் சங்கம் நடத்திய முதலீட்டாளர் குறைதீர் உதவி மையம் நிதியத்தின் ஆதரவு பெற்ற திட்டங்களுள் ஒன்று. பட்டயக் கணக்காளர் நிறுவனம், நிறுமச் செயலர் நிறுவனம் ஆகியவற்றின் வழியாகவும் நாடெங்கும் விழிப்புணர்வுக் கூட்டங்கள் நடத்தப்பட்டன. 2022 இல் இந்திய அஞ்சல் பட்டுவாடா வங்கியுடன் இணைந்து 'நிவேசக் தீதி' என்னும் திட்டம் தொடங்கப்பட்டது. இதில் உள்ளூர்ப் பெண்களே அஞ்சல் துறை வழியாக ஊரக மக்களுக்கு நிதிசார் செய்திகளை அவர்தம் மொழியில் எடுத்துரைக்கின்றனர்.

உரிமை கோரல்

நிதியத்தின் வரலாற்றில் பெரிதும் விவாதிக்கப்பட்டது இப்பகுதியே. 1999 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, நிதியத்துக்குச் சென்ற தொகையை எவரும் நிதியத்திடமோ நிறுமத்திடமோ கோர இயலாது. கல்வி இல்லாமையால் தன் பணத்தைத் தவறவிட்ட ஒருவரின் சேமிப்பைக் கொண்டே பிறருக்குக் கல்வி புகட்டப்பட்டது. அவருக்கோ அப்பணத்தில் உரிமை இல்லாமற் போயிற்று.

2013 சட்டம் இந்நிலையை மாற்றியது. உரியவரோ அவருடைய வாரிசோ எப்பொழுது வேண்டுமானாலும் விண்ணப்பித்துத் தொகையையும் பங்குகளையும் திரும்பப் பெறலாம். பழைய சட்டத்தின் கீழ் உரிமை இழந்தவர்களுக்கும் இது பொருந்தும். இதற்கென 2016 செப்டம்பர் 7 அன்று தனி ஆணையம் அமைக்கப்பட்டது. நிறும விவகாரங்கள் அமைச்சகத்தின் செயலர் இதன் தலைவராவார். உரிமை கோருபவர் ஐஇபிஎஃப்-5 என்னும் படிவத்தை இணையவழியே நிரப்பி, உரிய ஆவணங்களை நிறுமத்தின் பொறுப்பு அலுவலருக்கு அனுப்ப வேண்டும். நிறுமம் சரிபார்த்து அறிக்கை அளித்தபின் ஆணையம் முடிவு செய்யும்.

இந்நிதியம் முதலீட்டில் ஏற்படும் இழப்பை ஈடுசெய்வதற்கானது அன்று. பங்கு விலை வீழ்ச்சிக்கோ, மோசடித் திட்டத்தில் பணத்தை இழந்தமைக்கோ இதிலிருந்து பொதுவாக இழப்பீடு கோர இயலாது. எனினும், முறைகேடாக ஈட்டப்பட்டுப் பறிமுதல் செய்யப்பட்ட தொகையைப் பாதிக்கப்பட்டோருக்குப் பகிர்ந்தளிக்கவும், தீர்ப்பாயத்தின் ஒப்புதலுடன் முதலீட்டாளர்களின் கூட்டு வழக்குச் செலவை ஈடுகட்டவும் சட்டம் இடமளிக்கிறது.

ஒத்த நிதியங்கள்

பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி, 2007 இல் தனக்கென ஒரு முதலீட்டாளர் பாதுகாப்பு மற்றும் கல்வி நிதியத்தை ஏற்படுத்தியது. அதற்கான ஒழுங்குமுறைகள் 2009 இல் வெளியாயின. செபியின் ஏற்பு பெற்ற முதலீட்டாளர் சங்கங்கள் இதன்வழி உதவி பெறலாம்.

வங்கிகளில் 10 ஆண்டுகள் பெறப்படாத வைப்புகளுக்கென இந்திய ரிசர்வ் வங்கி 2014 இல் வைப்பீட்டாளர் கல்வி மற்றும் விழிப்புணர்வு நிதியத்தை அமைத்தது. வைப்பீட்டாளர் பின்னாளில் தம் வங்கியை அணுகித் தொகையைப் பெறலாம். 2017 இல் ரிசர்வ் வங்கி தொடங்கிய நிதிசார் கல்வி மையங்களை வட்டார அளவில் நடத்த 6 தன்னார்வ அமைப்புகள் தேர்ந்தெடுக்கப்பட்டன. மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தானம் அறக்கட்டளை அவற்றுள் ஒன்றாகும்.

விமர்சனங்கள்

நிதியத்துக்கு வரும் பணம் இந்தியத் தொகுப்பு நிதியில் சேர்ந்து, பின்னர் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தின் வழியாகவே செலவுக்கு ஒதுக்கப்படும் முறை குறைகூறப்பட்டுள்ளது. சேரும் தொகையோடு ஒப்பிடுகையில் கல்விக்குச் செலவாவது மிகக் குறைவு என்பது முதலீட்டாளர் அமைப்புகளின் வாதம். உரிமை கோரும் நடைமுறையில் ஆவணச் சுமையும் காலத்தாழ்வும் உள்ளன என்பதும் பரவலான முறையீடு. கையொப்ப மாறுபாடு, பெயர் எழுத்து வேறுபாடு, வாரிசுச் சான்று ஆகியன முதியோரையும் கைம்பெண்களையும் அலைக்கழிக்கின்றன.

கல்வியின் பயனை அளப்பதும் எளிதன்று. நடத்தப்பட்ட கூட்டங்களின் எண்ணிக்கை, கற்றவர் மாறினாரா என்பதைக் காட்டாது. நிதிசார் கல்விக்கான தேசிய மையம் 2019 இல் நடத்திய ஆய்வில், வயது வந்தோருள் 27 விழுக்காட்டினரே அடிப்படை நிதியறிவு பெற்றவர்களாகக் கண்டறியப்பட்டனர். 2013 ஆம் ஆண்டு ஆய்வில் இது 20 விழுக்காடாக இருந்தது.

கல்வி வெற்றி பெறுமாயின், மக்கள் தம் முதலீடுகளைக் குறித்து வைப்பர், வாரிசுகளை நியமிப்பர், பெறப்படாத தொகையும் குறையும். அவ்வகையில் தன் வருவாய் குறைவதையே வெற்றியின் அடையாளமாகக் கொள்ளத்தக்க நிதியம் இது.

இவற்றையும் பார்க்கவும்

* ஈவுத்தொகை
* செபி
* இந்திய ரிசர்வ் வங்கி
* கூட்டு வழக்கு